சீட்டாட்ட சாமி

ராக்கியண்ணனுக்கு ராஜாவைக் கீழே போட மனசு வராது. கையில் இருக்கும் பதின்மூன்று சீட்டில் எதற்கும் சேராத ராஜா ஒன்று இருந்தால், ரம்மி ஆடுகிறவன் முதலில் அதைத்தான் தள்ளுவான். அதோடு மாட்டிக்கொண்டால் பத்துப் புள்ளி தலையில் விழும். அவர் தள்ள மாட்டார். "ஒரு ராசாவப் போயி வெளிய தூக்கிப் போடறதா, பாவமுங்க" என்பார். கடைசியில் அந்த ராஜாவோடு தோற்றுப்போய், சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அவருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது நினைத்தாலும் தலை குனிந்துவிடுகிறது.

ஈரோடு கருங்கல்பாளையத்தில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் அவருடைய இஸ்திரி வண்டி நிற்கும். அதற்கு நாலடி தள்ளி என்னுடைய தையல் மிஷின். நான் அர்த்தனாரி. நைந்துபோன காலரைத் திருப்பித் தைப்பது, பேண்ட் இடுப்பைப் பிரித்துவிடுவது, இதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். துணியைப் பார்த்தே எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவார். ஒரு வீட்டுச் சட்டை இன்னொரு வீட்டு மூட்டையில் போய்ச் சேர்ந்ததாக இதுவரை ஒரு சண்டை கிடையாது. காலையில் கரியைப் பற்ற வைத்ததும், பெட்டியின் பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் முதல் துணியில் வைப்பார். அதிகம் பேச மாட்டார். யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார்.

வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி எங்கள் ஐயப்ப பஜனை சபையில் முப்பத்தெட்டு நாற்பது பேர் மாலை போடுவோம். இது நடந்த வருடம் எனக்குப் பதினான்காவது. அவருக்குப் பதினெட்டு. பதினெட்டாவது வருடம் மலைக்குப் போகிறவர் இருமுடியோடு தென்னங்கன்றும் கொண்டுபோய் அங்கே நட வேண்டும். வந்த பிறகு அவரும் குருசாமி. அந்தக் கன்றை அவர் கடையில் வாங்கவில்லை. அதற்கு முந்தின வருடம் மலையிலிருந்து வந்த கையோடு ஒரு நெற்றை ஊன்றி, பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, வண்டிக்கு அடியிலேயே வளர்த்தார். துணிக்குத் தெளிக்கிற தண்ணீரில் ஒரு கை அதற்கும் போகும். குருத்து விட்ட அன்றைக்கு எனக்குத்தான் முதலில் காட்டினார். "சாமி, பல்லு மொளைச்ச கொழந்தையாட்டம் இருக்குதுங்" என்றார்.

சீட்டு விவகாரம் மாலை போடுவதற்கு முன்பே, ஆவணியில் ஆரம்பித்தது. தையல் வேலை இல்லாத நாட்கள். செல்போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தபோது ரம்மி ஆட்டம் ஒன்று வந்தது. காசு கட்டாமலும் ஆடலாம், சும்மா பழகுவதற்கென்று சிப்ஸ் என்று ஒன்று தருவார்கள், அது தீர்ந்தால் மறுபடி தருவார்கள். இழவு வீடுகளில் பெரியவர்கள் ஆடும்போது எட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, எனக்கு ஆட்டம் தெரியாது. போனே சொல்லிக் கொடுத்தது. ஒரு விரல் படம் வந்து, இந்தச் சீட்டை எடு, இதைப் போடு என்று காட்டும். ஜோக்கர் கலக்காமல் ஒரே சாதியில் வரிசையாக மூன்று சீட்டு சேர வேண்டும். அதற்கு ஒரிஜினல் என்று பெயர். அது இல்லாமல் மற்றதெல்லாம் சேர்ந்தாலும் செல்லாது. தெரியாமல் ஆட்டம் முடிந்தது என்று டிக் அடித்துவிட்டால் எண்பது புள்ளி தலையில் விழும். முதல் வாரம் தினமும் எண்பது வாங்கினேன். பிறகு கை பிடிபட்டது. கை சரியில்லை என்றால் ஆரம்பத்திலேயே கவிழ்த்துவிட்டு இருபதோடு தப்பிக்கிற ஸ்கூட், நூற்றொரு புள்ளி வந்தால் வெளியே போகிற ஆட்டம், இத்தனை கை என்று எண்ணி ஆடுகிற ஆட்டம், இருபத்தொரு சீட்டு ஆட்டம் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கவனமாகப் படித்திருந்தால் என் அப்பா என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்க மாட்டார்.

முகம் தெரியாதவர்களோடு ஆடுவது சலித்துவிட்டது. தெரிந்த ஆளோடு தனியாக மேசை போட்டு ஆடலாம் என்று அதிலேயே இருந்தது. பதினொரு மணிக்கு மேல் துணி வரத்து குறையும். ஐப்பசியில் ஒரு நாள் ராக்கியண்ணன் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன்.

"எனக்கு இதெல்லாம் ஏறுமுங்களா?" என்றார்.

"துணி பிரிக்கறீங்கல்ல, அதேதானுங்க. ஒரே வீட்டுத் துணிய ஒண்ணா வெக்கற மாதிரி."

அப்படிச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். மூன்றே நாளில் வரிசை, கூட்டு எல்லாம் பழகிவிட்டார். ராஜாவை மட்டும் போட மாட்டார். அதனால் எப்போதும் நானே ஜெயித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வாழ்க்கையில் நான் யாரையும் எதிலும் ஜெயித்தவன் இல்லை.

கார்த்திகை பிறந்தது. மாலை போட்டோம். இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு நான் போனை எடுத்தபோது, அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். மாலைய போட்டுக்கிட்டு இது ஆடலாமுங்களா? சூதுன்னு சொல்லுவாங்களே."

சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன் நான். சரணம் சொல்வதில் என் குரல்தான் முன்னால் போகும். இந்த மாதிரி விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு அது சாஸ்திரம்.

"காசு வெச்சு ஆடுனாத்தான் சாமி சூது. இது சும்மா கணக்குப் போடற மாதிரி. மனசு கண்டதையும் நெனைக்காம இருக்குமில்ல?" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங் சாமி" என்று உட்கார்ந்தார்.

தப்பு என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்ட மனிதனிடம், ஆட ஆள் வேண்டும் என்பதற்காக ஐயப்பன் பெயரால் பொய் சொன்னேன். அன்று மட்டும் நான்கு கை ஜெயித்தேன்.

கார்த்திகை இருபதாம் தேதி வாக்கில், பதினெட்டாம் வருடத்துக்காரருக்கு பிளக்ஸ் வைக்கப் படம் எடுத்தார்கள். கறுப்பு வேட்டி, கழுத்து நிறைய மாலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் அந்தக் கன்று. அழகான படம். நான்தான் அதை அவருடைய போனிலும் முகப்புப் படமாகப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஆட்டத்திலும் அதே படம் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் அவர் கை நிறைய வேலை. ஒரு கல்யாண வீட்டு வேட்டிகள்.

"நீங்களே என்ற போன்ல மேசை போட்டு உங்குளுக்கு அழைப்பு அனுப்பிக்கங்க சாமி. நான் இந்த மடிப்ப வெச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

அவருடைய போனை எடுத்து, மேசை போட்டு, அழைப்பு அனுப்பு என்பதை அமுக்கினேன். வாட்ஸ்அப்பில் யாருக்கு என்று கேட்டது. எப்போதும் என் பெயர்தான் மேலே நிற்கும். அப்போதுதான் பஜனை நேரம் மாற்றியதாக எங்கள் சபைக் குழுவில் செய்தி வந்திருந்ததால், குழு மேலே ஏறி நின்றிருக்கிறது. கண்ணாடி போடாமல் அமுக்கிவிட்டேன். என் போன் 'டிங்' என்றது. எனக்கு வந்துவிட்டது என்று திறந்தால், சபைக் குழு. கன்றோடு நிற்கும் அவர் படம். அதன் கீழே, 'ராக்கிய சாமி உங்களை ரம்மி விளையாட அழைக்கிறார். உடனே வாருங்கள். ஐந்நூறு சிப்ஸ் இலவசம்.'

அழிப்பதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். முதல் பதில் டீக்கடை குணசீலனிடமிருந்து. அவரும் மாலை போட்டவர்தான். 'சாமி சரணம். எனக்கு ஒரு கை போடுங்க சாமி' என்று சிரிக்கிற பொம்மை நாலு.

போனை எடுத்துக்கொண்டு ராக்கியண்ணனிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"கன்னும் தெரியுதுங்களே சாமி" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பஜனை. எங்கள் குருசாமி காளியண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் மலைக்குப் போனவர். தப்பு என்று பட்டால் யாராக இருந்தாலும் விட மாட்டார். ஆனால் சத்தம் போட மாட்டார். பாட்டு ஆரம்பிக்கவில்லை.

"ராக்கிய சாமி, அது உங்க போன்ல இருந்து வந்ததுதானுங்களா?"

"ஆமாங் சாமி."

"நீங்க ஆடறதுண்டுங்களா?"

"உண்டுங் சாமி."

"மாலை போட்டப்புறமும்?"

"ஆமாங்."

பின்னாலிருந்து குணசீலன், "ஜோக்கரு வந்துச்சுங்களா சாமி?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ராக்கியண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"யாராச்சும் கூட ஆடுனாங்களா?" என்று குருசாமி கேட்டார்.

ராக்கியண்ணன் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல் என்றும் பார்க்கவில்லை. பக்கத்துத் தையல்காரனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குருசாமி சொன்னார், "பதினெட்டுங்கறது சும்மா இல்லீங் சாமி. கன்னு கொண்டு போறவரப் பாத்துத்தான் கன்னிசாமியெல்லாம் நடக்கும். மாலைய எறக்கிருங்க. அடுத்த வருசம் அவன் கூப்புட்டான்னா போலாம்."

"சரிங் சாமி" என்றார் ராக்கியண்ணன். அங்கேயே கழற்றி, கண்ணில் ஒற்றி, துண்டில் முடிந்துகொண்டு, எல்லாருக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று பஜனையில் நான்தான் பாட்டு எடுத்துக் கொடுத்தேன். குரல் நன்றாகவே வந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

அடுத்த நாள் பிளக்ஸை இறக்கிவிட்டார்கள். நான் போனிலிருந்து ஆட்டத்தை எடுத்துப்போட்டேன். அவரும் எடுத்துவிட்டார். ஆனால் தெருவுக்கு வேறு ஆட்டம் கிடைத்துவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்கள், "என்னுங் ராக்கியண்ணா, துணி கலைச்சுப் போட்டு வெட்டறீங்களா?" என்பார்கள். "ஏனுங், பொட்டிக்குள்ள ராணி இருக்குதா?" என்பார்கள். ஒரு அம்மா, தன் வீட்டுப் பட்டு வேட்டியைக் கொடுக்க வந்தவர், "சூதாடற கையில சாமி வேட்டிய குடுக்கலாமான்னு யோசனையா இருக்குது" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்துப் போனார். நாலடி தள்ளி நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். என் கழுத்தில் மாலை இருந்தது. அந்த அம்மா போகிற போக்கில் என்னைப் பார்த்து, "சாமி சரணமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ராக்கியண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பு போலவே டீ வந்தால் எனக்கும் ஒன்று வாங்கி வைப்பார். என்னைச் சாமி என்றே கூப்பிட்டார். நானும் அவரைச் சாமி என்று கூப்பிட வாயெடுத்து, மாலை இல்லாதவரை எப்படி என்று விழுங்கிவிடுவேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். அவர் செருப்புப் போடவில்லை. கறுப்பு வேட்டி இல்லை, திருநீறு இல்லை, ஆனால் வெறுங்காலோடுதான் சாலையைத் தாண்டினார். விடியற்காலை காவேரிக்குப் போனால், எங்கள் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால் ஒரு ஆள் முங்கி எழுவது தெரியும். யார் என்று நான் உற்றுப் பார்க்க மாட்டேன். கன்றுக்கு மட்டும் தவறாமல் தண்ணீர் போனது.

தினமும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கும்பிட்டு நிற்கும்போது வாய் வரைக்கும் வரும். பதினான்கு வருடப் பெயர் போய்விடுமே என்று உள்ளே போய்விடும். இப்படியே பதினேழு நாள் போயிற்று.

மார்கழியில், மலைக்குக் கிளம்ப இருமுடிக்கட்டு நிறைக்கும் நாள் வந்தது. மண்டபத்தில் பாய் விரித்து, நெய்யும் தேங்காயும் பச்சரிசியுமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராகக் குருசாமி முன்னால் போய் உட்கார வேண்டும். கண் துளைத்த தேங்காய்க்குள் நாமே நெய்யை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது மனசில் இருக்கும் வேண்டுதலைச் சொல்லிக்கொள்ள வேண்டும். என் முறை வந்தது. நெய்க்கிண்ணத்தை எடுத்தேன். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. ராக்கியண்ணனின் வெறுங்கால்தான் நினைவுக்கு வந்தது. நெய் தேங்காய்க்கு வெளியே வழிந்தது.

"நிதானமா ஊத்துங்க சாமி" என்றார் குருசாமி.

"ஊத்த முடியலீங் சாமி. அந்த அழைப்பு அனுப்புனது நான்."

"எந்த அழைப்பு?"

"ராக்கியண்ணன் போன்ல இருந்து வந்தது. அமுக்குனது நான். அவருக்கு வேல கையில இருந்துச்சு."

குருசாமி நெய்ச்சட்டியைக் கீழே வைத்தார்.

"ஆட்டம் சொல்லிக் குடுத்தது?"

"நானுங்."

"மாலையோட ஆடலாமான்னு அவரு யோசிக்கலையா?"

"கேட்டாருங் சாமி. என்னையத்தான் கேட்டாரு. தப்பில்லைன்னு நாஞ் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சே சொன்னேன்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசீலன் மட்டும், "அடேயப்பா. இத்தன நாளும் எங்களுக்குப் பாட்டு எடுத்துக் குடுத்தீங்களே சாமி" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கு அந்த அடி போதுமானதாக இருந்தது.

"அன்னைக்கு நான் கேட்டப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?" என்றார் குருசாமி.

"ரெண்டாவது வரிசையில, சாமி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ராக்கியண்ணன் மனைவி சம்பூர்ணம். பக்கத்து வீட்டுக்காரரின் கட்டுக்கு அரிசி போட வந்திருந்தார்.

"மாலை வூட்டுல ஐயப்பன் படத்து மேலதானுங் சாமி இருக்குது. ஆனா அவிய விரதத்த விடலீங். ரெண்டு வேளைத் தலைக்குத் தண்ணி, ஒரு வேளைச் சோறு, தரையிலதான் படுக்கை. எதுக்குன்னு கேட்டா, மாலையத்தான் எறக்கச் சொன்னாங்க, விரதத்த யாரும் விடச் சொல்லலைங்கறாங்க."

குருசாமி என்னைப் பார்த்தார். "போயி கூட்டிட்டு வாங்க. நீங்கதான் போகோணும்."

போனேன். தெருவில் யாரும் இல்லை, எல்லாரும் மண்டபத்தில். அவர் மட்டும் வண்டியில் பெட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்தேன். பதறிப்போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மாலையோட என்ற காலுல விழுகறீங்களே, எந்திரிங் சாமி" என்று தூக்கினார்.

"ஏனுங் அன்னைக்கே என்ற பேரச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பெட்டியில் கரியை ஊதிவிட்டு, "அப்பறம், சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. சரி, ஆடுனது நானுந்தானே. உங்க கட்டு என்னாச்சு?" என்றார்.

"நிறைக்கலீங்."

அதற்கு அவர் முகம் வாடியது. என் கட்டுக்காக. பிறகு, "இந்த ஒரு சட்டைய முடிச்சுட்டு வந்தர்றேன். சாயங்காலம் பொண்ணுப் பாக்கப் போறவரோடது" என்று மறுபடி பெட்டியை எடுத்தார். நான் கன்றோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சம்பூர்ணம் வீட்டுப் படத்திலிருந்து மாலையை எடுத்துவர, குருசாமி தன் கையாலேயே அவர் கழுத்தில் போட்டார். போடும்போது அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். ராக்கியண்ணன், "ஐயோ சாமி" என்று கும்பிட்டார். என்னிடம் குருசாமி, "உங்க மாலைய நான் எறக்கச் சொல்ல மாட்டேன். ஒரு தடவ சொல்லி நான் பட்டது போதும். நீங்களே பாத்துக்கங்க" என்றார். நானே இறக்கிவிட்டேன். பாதி நெய் ஊற்றின தேங்காயைப் பிள்ளையாருக்கு விளக்கெரிக்கக் கொடுத்தேன்.

ராக்கியண்ணன் தலையில் கட்டும், தோளில் கன்றுமாக பஸ் ஏறினார். அவர் மலைக்குப் போய்வந்த ஐந்து நாளும் அவருடைய வண்டியை நான் பார்த்துக்கொண்டேன். துணி கொடுத்தவர்கள் அலையக் கூடாதே. கரிப்பெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஒரு சட்டைக் காலரைப் பொசுக்கி, நானே புதுக் காலர் தைத்துக் கொடுத்தேன். வந்தவர்களில் பலர், "ராக்கியண்ணன் எங்க? மாலைய எறக்கிட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்றார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். ஐந்து நாளும் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

திரும்பி வந்தவர் அரவணைப் பாயச டப்பா ஒன்று கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தார். "கன்னு நட்டாச்சுங். உங்க பேரச் சொல்லி ஒரு கை மண்ணுத் தள்ளுனேன்" என்றார். அந்த டப்பாவை நான் வெகுநாள் திறக்கவில்லை.

இப்போது அவர் குருசாமி. இந்த வருடம் ஆறு கன்னிசாமிக்கு மாலை போட்டுவிட்டார். எனக்கும் அவர்தான் போட்டார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறேன். இருந்தாலும் ஊர் வாய்க்கு முதலில் கேட்ட கதைதான் ருசி. பின்னால் நடந்தது பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. போன மாதம் பைக்கில் ஒரு ஆள் வந்து இறங்கினார். ராக்கியண்ணன் கரி வாங்கப் போயிருந்தார். அந்த ஆள் துணிப் பையோடு நின்று, "ஏனுங்க, சீட்டாட்ட சாமி கடை இதுதானுங்களா?" என்று கேட்டார்.

நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"சீட்டாட்ட சாமி நான்தானுங்க. எனக்குத் துணி தைக்கறது வேல. இஸ்திரிக்குன்னா கொஞ்சம் இருங்க, குருசாமி வந்துருவாரு."